மலைக்கால்களின் தசைநாண்: வயதும் ஓய்வும் செய்வது

காந்தலூரில் சமதரை அபூர்வம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மறையூரிலிருந்து மலையேறி வரும் சாலையின் முடிவில் இருக்கும் இந்தக் கேரள எல்லை ஊரில், நிலம் முழுக்கத் தட்டுத்தட்டாக வெட்டியது. வீட்டிலிருந்து பூண்டுத் தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் இறங்க வேண்டும். திரும்பி வர ஏற வேண்டும். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாமே மூட்டையாகி, ஜீப் நிற்கும் இடம் வரை ஒருவர் தோளிலோ தலையிலோ மேடேறித்தான் வரும். இங்கே பிறந்து வளர்ந்த எழுபது வயதுக்காரரின் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தால், அந்தக் கால் இத்தனை வருடம் என்ன செய்தது என்று தெரிந்துவிடும்.

இப்போது அந்த வாழ்க்கை மாறிக்கொண்டிருக்கிறது. தோட்டம் வரை ஜீப் பாதை வந்துவிட்டது. 2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தலூர் தங்க விருது வாங்கியது. ஆப்பிள் தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுவது பல குடும்பங்களுக்கு இன்னொரு வருமானம். பிள்ளைகள் உடுமலையிலோ திருப்பூரிலோ கோவையிலோ வேலையில் இருக்கிறார்கள். "இனி எதுக்கு மண்வெட்டி? எங்களோட வந்து இருங்க" என்று பெற்றோரை அழைத்துப் போகிறார்கள். நான்கைந்து மாதம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, ஓணச் சந்தைக்குக் காய் அனுப்பும் நேரத்தில் அவர்கள் ஊர் திரும்பி, வந்த மறுநாளே தோட்டத்தில் இறங்குகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் குதிகாலுக்கு மேலே வலி, முட்டிச் சிரட்டைக்குக் கீழே வலி, கை தூக்கினால் தோளில் வலி. "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த முடிவு பாதிதான் சரி. வயது தசைநாணை மாற்றுகிறது, அது உண்மை. ஆனால் அதைவிட வேகமாக நாணைத் தளர்த்துவது, உழைத்துக்கொண்டிருந்த கால் திடீரென்று உட்கார்ந்துவிடுவது. வலியைக் கொண்டுவருவது, உட்கார்ந்திருந்த கால் திடீரென்று பழைய சுமையை ஏற்பது. வயதைத் திருப்ப முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. இந்தப் பகுதி அந்த இரண்டுக்காகத்தான்.

நாண் எதனால் ஆனது

தசை எலும்போடு நேராக ஒட்டிக்கொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவே வெண்மையான, வழவழப்பான, இழுத்தால் எளிதில் நீளாத ஒரு பட்டை இருக்கிறது. அதுதான் தசைநாண். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று ஊரில் சொல்லும் பல வலிகள் இதைச் சேர்ந்தவை. கணுக்காலுக்குப் பின்புறம் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பாருங்கள். விரைப்பாகத் தட்டுப்படுவது குதிநாண். உடம்பில் உள்ள நாண்களில் மிகத் தடிமனானதும் மிக வலுவானதும் அதுதான்.

நாணில் நீர் பாதிக்கு மேல். நீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். இந்தக் கொலாஜனின் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்று உலகுக்குச் சொன்னது சென்னைதான். எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்று வந்தார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்தார். அந்த மாதிரி அவருக்குக் கிடைத்தது பக்கத்திலேயே, அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. மூன்று சங்கிலிகள் சேர்ந்த சுருள் அமைப்பு என்று 1954இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதினார்கள். மறு ஆண்டே அதைத் திருத்தி, சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்றது என்று இன்னும் துல்லியமாக்கினார்கள். நம் குதிகாலைத் தாங்கும் பொருளின் அடிப்படை வடிவத்தைக் கண்டறிந்தவர் மலையாள மண்ணில் பிறந்து தமிழ் மண்ணில் உழைத்தவர் என்பது இரண்டு மொழியும் பேசும் இந்த எல்லையூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அந்த முப்புரி மூலக்கூறுகள் பக்கம் பக்கமாக அடுக்கி நுண்ணிழையாகின்றன. நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கற்றை, கற்றைகள் சேர்ந்து நாண். கற்றைகளுக்கு நடுவே மெல்லிய, வழுக்கலான ஒரு திசு இருக்கிறது. நடக்கும்போது ஒரு கற்றை மற்றதன் மேல் வழுக்கிப் போக வழிசெய்வது அதுதான். இழைகளுக்கு இடையில் நாண் செல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இழுவிசை எவ்வளவு வருகிறது என்பதை உணர்ந்து, பழுது பார்ப்பதும் புதிய கொலாஜன் சுரப்பதும் அவற்றின் வேலை. இழுவிசையே வராவிட்டால் அவற்றுக்கு வேலை செய்யச் சொல்லும் கட்டளையும் வராது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் எளிதில் புரியும்.

சுமையின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். சும்மா நடக்கும்போதே குதிநாண் உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இழுவிசையைத் தாங்குகிறது. ஃபின்லாந்து ஆய்வாளர் பாவோ கோமி, உயிருள்ள மனிதர்களின் குதிநாணிலேயே அளவுகோலைப் பொருத்திப் பார்த்தபோது, ஓட்டத்தில் அது உடல் எடையின் 12 மடங்கைத் தொட்டது. இறக்கத்தில் நிலைமை வேறு. ஏறும்போது தசை சுருங்கிச் சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே சுமையைத் தாங்கி, உடம்பு முன்னே விழாமல் பிடித்து நிறுத்துகிறது. முட்டிக்கு மேலும் கீழும் இருக்கும் நாண்களுக்கு இதுதான் பெரிய சோதனை. மூச்சு வாங்காததால் இறக்கம் சுலபம் என்று நினைக்கிறோம். நாணைக் கேட்டால் அது அப்படிச் சொல்லாது.

வயது என்ன செய்கிறது

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. காற்றில் கார்பன்-14 ஏறியது. சோதனை நின்ற பிறகு மெல்லக் குறைந்தது. அந்தந்த வருடத்துக் காற்றின் அடையாளம் அந்த வருடத்தில் உருவான திசுவில் பதிந்துவிடும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் இதை வைத்து, இறந்தவர்களின் குதிநாணில் உள்ள திசு எந்த வயதில் உருவானது என்று கணக்கிட்டார்கள். நாணின் மையப்பகுதி ஏறக்குறைய 17 வயது வரை, அதாவது உயரம் வளரும் காலத்தில், உருவாகிவிடுகிறது; அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தசையோ வாழ்நாள் முழுக்கப் புதிதாகிக்கொண்டே இருக்கிறது.

அறுபத்தைந்து வயதுக்காரரின் குதிநாண் மையம் அவர் பள்ளிக்கூடம் போன காலத்தது என்று ஆகிறது. அரை நூற்றாண்டாக அதே கொலாஜன் உழைத்திருக்கிறது. இதிலிருந்து பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: காந்தலூர்ப் பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போன தூரத்தை இன்று ஆட்டோவும் ஜீப்பும் எடுத்துக்கொண்டன. காட்டுவிலங்கு பயம் இருக்கும் பாதையில் வண்டி வேண்டும்தான். ஆனால் பதினேழு வயதுக்குள் ஓடி, குதித்து, மேடேறி வளர்த்துக்கொள்ளும் நாணைத்தான் அந்தப் பிள்ளை எண்பது வயது வரை வைத்திருக்கப்போகிறது. விளையாட்டு நேரத்தைப் படிப்புக்காக வெட்டாதீர்கள்.

பழைய கொலாஜனுக்கு என்ன ஆகிறது? இரத்தத்தில் உள்ள சர்க்கரை, வருடக்கணக்கில் கொலாஜன் இழைகளில் போய் ஒட்டிக்கொண்டு, இழைக்கும் இழைக்கும் இடையே வேண்டாத பிணைப்புகளைப் போடுகிறது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாமல் போகிறது. கற்றைகளுக்கு நடுவே இருக்கும் வழுக்கல் திசுவும் வயதில் இறுகுவதைக் குதிரைகளின் நாணில் கண்டிருக்கிறார்கள். நீர் குறைகிறது. நாண் செல்களின் எண்ணிக்கையும் சுறுசுறுப்பும் குறைகின்றன. ஆகவே சின்னப் பழுதைச் சரிசெய்ய நாளாகிறது. இத்தனைக்கும் நடுவே, முழு நாணை அளந்து பார்த்தால் வயதானவர்களின் நாண் இளைஞர்களுடையதைவிடத் தளர்ந்தே இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. தளர்ந்த நாண் தசையின் விசையை எலும்புக்குத் தாமதமாகக் கொண்டுசேர்க்கிறது. ஈரமான சரிவில் கால் வழுக்கும்போது நம்மை நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய அந்த ஒரு கணத்தில் இந்தத் தாமதம்தான் விழுவதா நிற்பதா என்று தீர்மானிக்கிறது. முதியவர்கள் விழுவதற்குக் கண்பார்வையையும் தலைசுற்றலையும் மட்டும் காரணம் சொல்கிறோம். நாணையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதும் நாணைப் பாதிக்கிறது. இடுப்பின் வெளிப்பக்க எலும்பில் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமை என்று ஐம்பதைத் தாண்டிய பெண்கள் சொன்னால், அது இடுப்பு மூட்டுத் தேய்மானமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிட்டத் தசைகளின் நாண் வலியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

உட்கார்ந்திருப்பது என்ன செய்கிறது

வயது மெதுவாகச் செய்வதை ஓய்வு வாரங்களில் செய்துவிடுகிறது. ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலைத் தரையில் ஊன்றவிடாமல் 23 நாள் தொங்கவிட்டு அளந்தார்கள். முட்டி நாணின் விறைப்பு ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்தது. 2005இல் வெளியான இன்னோர் ஆய்வில், விண்வெளிப் பயணத்தின் விளைவை அறிய 90 நாள் படுக்கையிலேயே இருந்தவர்களுக்குக் கெண்டைக்கால் நாணின் விறைப்பு 58 சதவீதம் குறைந்தது. அவர்களில் படுத்தபடியே சில நாளுக்கொரு முறை கால் பயிற்சி செய்தவர்களுக்கு இழப்பு 37 சதவீதம்தான். முழுதாகத் தடுக்க முடியவில்லை. ஆனால் கொஞ்சம் செய்ததும் வீணாகவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர், நிமோனியா காய்ச்சலில் மாதக்கணக்கில் எழாதவர், மழைக்காலம் முழுக்க அடுப்பருகே உட்கார்ந்திருந்தவர், மகன் வீட்டு மூன்றாம் மாடியில் லிப்ட்டில் ஏறி இறங்கியவர் என்று எல்லோருக்கும் வெவ்வேறு அளவில் இதுதான் நடக்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. மறுபடி உழைக்கத் தொடங்கியதும் தசை சில வாரங்களில் வலுவைப் பிடித்துவிடும். நாணுக்கு மாதங்கள் ஆகும். "தெம்பு வந்துடுச்சு" என்று உடம்பு சொல்வது தசையின் பேச்சு. அதை நம்பி முழு மூட்டையைத் தூக்கும்போது, இன்னும் தயாராகாத நாண் அந்தச் சுமையை வாங்கிக்கொள்கிறது. ஊர் திரும்பிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் குதிகால் வலி வருவதற்குக் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

வலி வந்தபின் செய்கிற வைத்தியமும் பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. முழு ஓய்வு, தைலம், கட்டு. இரண்டு வாரத்தில் வலி போய்விடும், உண்மைதான். நாண் இன்னும் தளர்ந்திருக்கும். மறுபடி தோட்டம், மறுபடி வலி. இப்படி நாலைந்து சுற்று சுற்றியவர்கள் கடைசியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை உட்கார வைத்தது வயது என்று ஊர் நம்புகிறது.

மீட்கும் வழி

2003இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய நம்பிக்கை தந்தது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று முறை, 14 வாரம், கனமான எடையோடு கால் பயிற்சி கொடுத்தார்கள். முட்டி நாணின் விறைப்பு 65 சதவீதம் கூடியது. தசை விசையை வெளிப்படுத்தும் வேகமும் 27 சதவீதம் உயர்ந்தது. மையக் கொலாஜன் புதுப்பிக்கப்படாவிட்டாலும், உயிரோடிருக்கும் நாண் சுமைக்குப் பதில் சொல்கிறது, எழுபதிலும்கூட.

எந்தச் சுமை? மெதுவான, கனமான, ஒழுங்கான சுமை. வேகமும் திடீர் குதிப்பும் பின்னால் வரலாம். வெறும் நீட்டிப் பயிற்சி மட்டும் போதாது; தைலம் தேய்ப்பது இதமளிக்கும், நாணை வலுவாக்காது. கனமான பயிற்சி முடிந்த முதல் ஒன்றரை நாளில் நாணில் கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம். அதன்பிறகுதான் வரவு செலவை மிஞ்சும். ஆகவே கனமான பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள்தான். தினமும் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்று அவசரப்பட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: சுவரையோ திண்ணையையோ பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி, அப்படியே 30 முதல் 45 விநாடி நில்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் இளைப்பாறிவிட்டு மறுபடி. ஐந்து முறை. அசையாமல் தாங்கும் இந்தப் பயிற்சி இலகுவானது. தினமும் செய்யலாம், பலருக்கு வலியையும் தணிக்கும். முட்டிக்கு, முதுகைச் சுவரில் சாய்த்து, பாதி உட்கார்ந்த நிலையில் அதே கணக்கு. மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும்.

மூன்றாவது வாரத்திலிருந்து: மூன்று விநாடியில் குதிகாலைத் தூக்கி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும். பதினைந்து முறை செய்வது ஒரு சுற்று, மூன்று சுற்று. கூடவே, நாற்காலியிலோ பெஞ்சிலோ இருந்து கை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக உட்காருவது. பத்து முறை, மூன்று சுற்று. வாரம் மூன்று நாள்.

ஏழாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை எடையைக் கூட்டுங்கள். ஜிம் தேவையில்லை. ஒரு பையில் ஐந்து கிலோ பூண்டோ உருளைக்கிழங்கோ போட்டு முதுகில் மாட்டிக்கொண்டால் போதும். சுற்று நான்கு, ஒவ்வொன்றிலும் எட்டு முறை. எட்டாவது முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாக இருந்தால் இன்னும் இரண்டு கிலோ சேர்க்கலாம். முடிகிறவர்கள் ஒற்றைக் காலில் செய்யலாம். சுவீடனில் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் எழுதிய முறையில், படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி, தினம் இரண்டு வேளை, 12 வாரம் செய்யச் சொன்னார். நாணின் நடுப்பகுதி வலிக்கு அது நன்கு பலன் தந்தது. ஆனாலும் இங்கே சொன்ன கனமான பயிற்சிக்கு வாரம் மூன்று நாளே போதும். வலி நடுவில் இல்லாமல், குதிநாண் எலும்போடு சேரும் அடிப்பகுதியில் இருந்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காதீர்கள், சமதரையிலேயே செய்யுங்கள். கணுக்கால் அதிகம் மடங்கும்போது அந்த இடத்தில் நாண் எலும்பில் நசுங்கும். அதே காரணத்தால், பூண்டு ஆயும்போதும் காய் பிரிக்கும்போதும் நாளெல்லாம் குந்தியிருப்பதைத் தவிர்த்து, ஒரு மணை போட்டு உட்காருங்கள். சில வாரங்களுக்குக் குதிப்பகுதி ஒரு சென்டிமீட்டர் உயர்ந்த செருப்பு உதவும். தட்டையான ஹவாய் செருப்பை அந்த நாட்களில் ஒதுக்கி வைக்கலாம்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறவர்கள் (களைக்கொத்தும் வெட்டுக்கத்தியும் இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு வருவது இது) ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை உள்ளங்கை கீழ்நோக்கிப் பிடித்து, மறுகையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, தானாக மெதுவாக இறக்க வேண்டும். கருவியின் பிடி மெல்லியதாக இருந்தால் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். தோளுக்கு, பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து வெளிப்பக்கமாக இழுப்பது நல்ல தொடக்கம்.

வலியைப் பற்றி ஒரு விதி. நாண் பயிற்சியில் சிறிது வலி வரும், அதில் பயமில்லை. பத்துக்கு மூன்று அல்லது நான்கு என்ற அளவைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் முந்தைய நாளைவிட மோசமாக இருக்கக் கூடாது. மோசமாக இருந்தால் எடையைப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். காந்தலூர்க் குளிரில் காலை விறைப்பு எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வெந்நீரில் காலை நனைத்துவிட்டு, வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்துவிட்டுத் தோட்டத்துக்கு இறங்குவது நல்லது.

நடையையும் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் செய்வது, ஜீப்பில் ஏறிப்போய் நடந்து இறங்குவது. முதல் நான்கு வாரம் அதை மாற்றிச் செய்யுங்கள்: நடந்து ஏறி, வண்டியில் இறங்குங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து மென்மையான இறக்கம், பிறகு செங்குத்து. சுமையோடு இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஊன்றுகோல் பிடிப்பதில் வெட்கம் வேண்டாம். இறக்கத்தில் அது முட்டியின் சுமையைக் குறைக்கும்.

கூடுதல் கவனம் வேண்டியவர்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு முன்னே சொன்ன வேண்டாத பிணைப்புகள் வேகமாக உருவாகின்றன. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். கேரளத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு. தோள் இறுகிப்போவது இவர்களுக்கு அடிக்கடி வரும். மறையூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பொருள்தான். சர்க்கரை நோயாளியின் இரத்தத்துக்கு அதுவும் சர்க்கரையே, ஆகவே "நாட்டு வெல்லம்தானே" என்று காபியில் அள்ளிப் போடாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வலியை அளவுகோலாக வைத்துப் பயிற்சி செய்யக் கூடாது. மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். இரண்டு பக்கக் குதிநாணும் வலியே இல்லாமல் தடித்திருந்தால் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யுங்கள். பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ராலுக்கு அது ஓர் அடையாளம்.

மருந்துகளில் இரண்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் முதலான ஆன்டிபயாடிக்குகள் நாணை வலுவிழக்கச் செய்யலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இவற்றுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், உறுப்பு மாற்றுச் செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். மருத்துவர் தேவை கருதிக் கொடுத்தால் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சாப்பிடும் நாட்களில் குதிநாண் வலித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், பளு தூக்காதீர்கள். அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. முழங்கை வலிக்கு அது சில வாரம் அற்புதமாகக் கேட்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிட நிலைமை மோசமாக இருப்பதாக 2010இல் 'லான்செட்' இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. குதிநாணுக்குள் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. ஆரஞ்சும் கொய்யாவும் நெல்லிக்காயும் கிடைக்கும் ஊரில் அதற்கு மாத்திரை வேண்டாம். புரதம்தான் முதியவர்களின் தட்டில் குறைகிறது. முட்டை, பயறு, கொள்ளு, மீன் எதுவானாலும் தினமும் இருக்கட்டும்.

நாண் அறுந்தால்

நடக்கும்போதோ மேட்டில் கால் ஊன்றும்போதோ பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் "பட்"டென்று ஒரு சத்தம், பிறகு முன்பாதத்தை ஊன்றித் தள்ள முடியாமை. குதிநாண் அறுந்ததற்கு இதுவே அடையாளம். அடிபட்டவரைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைக்காலைக் கையால் அமுக்குங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். நாண் அறுந்த காலில் அசையாது. வலி அதிகமில்லை என்பதால் சுளுக்கு என்று எண்ணிச் சுளுக்கெடுப்பவரிடம் கூட்டிப்போய், கிழிந்த நாணை உருவி இழுப்பதுதான் மிகவும் வருந்தத்தக்கது. பாதத்தின் விரல்கள் கீழே பார்க்கும்படி ஒரு பலகையை வைத்துக் கட்டி, காலை ஊன்றவிடாமல், அன்றைக்கே ஜீப்பில் எலும்பு மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூணாறு பக்கமோ உடுமலை பக்கமோ, எது முடிகிறதோ அது. சீக்கிரம் கவனித்தால் பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சேர்ந்துவிடும். வாரங்கள் கடந்தால் சிக்கல்.

விழுந்தபின் முட்டியை நீட்டிக் காலைத் தூக்க முடியாவிட்டாலும், நேற்றுவரை தூக்கிய கையை இன்று தோள்மட்டத்துக்குத் தூக்க முடியாவிட்டாலும் இதே அவசரம் உண்டு. அதேசமயம், அறுபது வயதைத் தாண்டியவரின் தோளை எம்.ஆர்.ஐ. எடுத்தால் வலியே இல்லாதவர்களிலும் நாண் கிழிசல் தெரிவது சாதாரணம். அறிக்கையில் அப்படியொரு வரியைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்காமல் வைத்துக்கொள்ளாதீர்கள். கை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யட்டும் மருத்துவர்.

அப்பா அம்மாவை ஊரிலிருந்து அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அவர்களை அன்போடு உட்கார வைத்துவிடாதீர்கள். தினமும் மாடிப்படி ஏறட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகால் தூக்கட்டும், கடைக்குப் போய் ஐந்து கிலோ அரிசியைத் தூக்கி வரட்டும். ஆவணியில் ஓணக் காய் வெட்டுக்கு அவர்கள் காந்தலூர் திரும்புவதாக இருந்தால், மேலே சொன்ன பன்னிரண்டு வாரப் பயிற்சியை வைகாசி பிறந்ததுமே தொடங்கிவிடுங்கள்.